வசனம் இல்லாத நாற்பது வினாடி

17 பிப்ரவரி 2025, திங்கள்

பி.பி. 150/90.

டாக்டரம்மா சொன்னதற்காக எழுதுகிறேன். மற்றபடி எனக்கு எழுதும் பழக்கம் கிடையாது. கல்லூரி வேதியியல் லேபில் முப்பத்திரண்டு வருஷம் உதவியாளர் வேலை. பாட்டிலுக்கு லேபிள் எழுதினதோடு சரி. "தினமும் சாயங்காலம் பி.பி. பாருங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு பக்கத்துலயே நாலு வரி எழுதுங்க. எதனால ஏறுதுன்னு கண்டுபிடிச்சிரலாம்" என்றார். என்னைக் கேட்டால் நானே சொல்லியிருப்பேன். உப்பில்லாத சாப்பாட்டால் ஏறுகிறது.

மதியம் பீர்க்கங்காய்க் கூட்டு. சொர்ணம் உப்பு டப்பாவை எங்கோ ஒளித்துவைத்துவிட்டாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவள் ஒளித்துவைக்கும் இடமெல்லாம் எனக்கு அத்துப்படி என்று நினைத்திருந்தேன்.

18 பிப்ரவரி

148/90. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். உள்ளே ஒரு ஓணான் செத்துக் கிடந்தது. எத்தனை நாளாகக் கிடந்ததோ. சொர்ணத்திடம் சொல்லவில்லை.

20 பிப்ரவரி, வியாழன்

152/92.

வாட்ஸப் குழுவில் லூர்துராஜ் ஓர் அறிவிப்பு போட்டிருக்கிறார். விவரம் எழுதுகிறேன், டாக்டரம்மா படித்தால் புரியவேண்டுமே.

1989, 90இல் டிவியில் செவ்வாய்க்கிழமை தோறும் இரவு எட்டு மணிக்கு 'மூடிய கோப்பு' என்று ஒரு துப்பறியும் தொடர் வந்தது. இன்ஸ்பெக்டர் கருணாமூர்த்தி கத்தமாட்டார், ஓடமாட்டார், கைக்குட்டையை நாலாக மடித்துக்கொண்டே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவார். அதன் ரசிகர்கள் நாற்பத்திமூன்று பேர் இந்தக் குழுவில் இருக்கிறோம். எல்லாருக்கும் பேரன் பேத்தி உண்டு. எல்லாரும் சண்டை போடுவது பதினேழாவது பகுதியைப் பற்றித்தான். அதன் பெயர் 'மாடி அறை'.

பூரணி என்று ஒரு பெண் காணாமல் போகிறாள். இன்ஸ்பெக்டர் அந்த வீட்டு மாடிக்குப் போய், பூட்டிய அறைக் கதவில் காதை வைத்து நிற்கிறார். நாற்பது வினாடி. வசனம் கிடையாது, பின்னணி இசையும் கிடையாது. அந்த மௌனத்துக்குள் மெல்லிசாக ஒரு பெண்குரல் என்னவோ சொல்லும். ஒரு வார்த்தைகூட விளங்காது. பிறகு ஓர் ஆண்குரல் "உஷ்" என்று அதட்டும். வளையல் சத்தம். ஒரு கதவு சாத்தும் சத்தம். அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் பேசாமல் கீழே இறங்கிவிடுவார். அந்தக் குரல் யாருடையது என்று கடைசிவரை யாரும் சொல்லமாட்டார்கள். செத்த பூரணியின் ஆவி என்று குழுவில் ஒரு கட்சி, இன்ஸ்பெக்டரின் மனசாட்சி என்று ஒரு கட்சி.

இந்தப் பகுதியின் மூல நாடா இன்று யாரிடமும் இல்லை. தூத்துக்குடி லூர்துராஜ் வீட்டு வீடியோ கேசட்டில் படம் இருந்தது, ஓரம் நைந்துபோனதால் சத்தம் இல்லை. என்னிடம் சத்தம் இருந்தது. அந்தக் காலத்தில் நான் டிவி ஸ்பீக்கருக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து இருபத்தாறு பகுதியையும் பதிந்து வைத்திருந்தேன். ஆறு வருஷத்துக்கு முன்பு ரெண்டையும் ஒட்டினோம். அதிலிருந்து குழுவில் எனக்கு 'டேப் அண்ணாச்சி' என்று பெயர்.

ஒளிபரப்பானது 13 மார்ச் 1990. முப்பத்தைந்து வருஷம் ஆவதால், மார்ச் 16 ஞாயிறன்று பாளையங்கோட்டையில் ஒரு ஹால் பிடித்து எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம் என்பது அறிவிப்பு.

அந்த ஒளிபரப்புக்கு மறுநாள், 14ஆம் தேதி காலையில், என் தங்கச்சி ஆவுடை வீட்டைவிட்டுப் போனாள். டேவிட் ஞானையா என்ற வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானே முன்னால் நின்று நடத்தியிருப்பேன். இதை நான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அவளோடு பேச்சு நின்று முப்பத்தைந்து வருஷம். அதற்கும் பி.பி.க்கும் சம்பந்தமில்லை.

23 பிப்ரவரி, ஞாயிறு

164/98. மிஷின் பழுது என்று நினைக்கிறேன்.

குழுவில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். நிலோபர், சென்னையில் சினிமாவுக்குச் சத்தம் சுத்தம் செய்கிற வேலை. அவள் அம்மா இந்தத் தொடரின் ரசிகையாம். "ஐயா, உங்க ஒரிஜினல் கேசட் கிடைச்சா அந்தப் பொண்ணு என்ன பேசுதுன்னு தெளிவா எடுத்துத் தந்துருவேன். முப்பத்தஞ்சு வருஷ மர்மம், யோசிச்சுப் பாருங்க" என்று எழுதினாள். நாற்பத்தொரு பேர் கைதட்டினார்கள்.

கேசட் தொலைந்துவிட்டது என்று பதில் போட்டேன்.

24 பிப்ரவரி

158/96. லூர்துராஜ் போன் செய்தார். "கேசட்டாவது தொலையதாவது! லேப்ல ஆசிட் பாட்டில்கூட அகர வரிசையில அடுக்கின ஆளு நீங்க. வியாழக்கிழமை நானே வந்து தேடுதேன்" என்றார். வேண்டாம் என்றேன். மக்ரூன் இனிப்பு வாங்கி வருகிறேன் என்றார்.

சாயங்காலம் கேசட்டை இடம் மாற்றினேன். எங்கே என்று இங்கே எழுதமாட்டேன். சொர்ணம் இந்த டைரியைப் படிக்கிறாள் என்று சந்தேகம்.

27 பிப்ரவரி, வியாழன்

170/100.

லூர்துராஜ் வந்தார். அரைக் கிலோ மக்ரூன். சொர்ணம் எனக்கு ஒன்றுதான் கொடுத்தாள். அலமாரி, பரண், கட்டிலடி என்று மனுஷர் ரெண்டு மணி நேரம் தேடினார். நானும் கூடவே தேடினேன். தேடிக்கொண்டே அவர் சொன்னார்: "அண்ணாச்சி, தொண்ணூறுல நான் வீட்டுல உக்காந்து அந்தக் குரலைக் கேட்டேன் பாத்துக்கிடுங்க, கையில முடியெல்லாம் குத்திட்டு நின்னுட்டு. ரெண்டு நாள் தூக்கமில்ல."

தூத்துக்குடியில் அவர் வீட்டு டிவியில் அந்தக் குரல் கேட்டிருக்க வழியே இல்லை. நான் கட்டிலடியில் குனிந்து தேடினேன்.

அவர் கிளம்பும் நேரத்தில் சொர்ணம் அடுக்களையிலிருந்து வந்து, "இதையா தேடுதீங்க?" என்று கேசட்டை நீட்டினாள். என் கையெழுத்தில் லேபிள். 'மூ.கோ. 17 / 13.3.90.' அரிசி டின்னுக்குப் பின்னால் நான் வைத்த இடத்திலிருந்து எடுத்திருக்கிறாள். அங்கேதான் உப்பு டப்பாவும் இருந்திருக்கிறது. நான் கேசட்டை வைத்தபோது அதைக் கவனிக்கவில்லை.

லூர்துராஜ் கேசட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். "என்னத்துக்கு எடுத்துக் கொடுத்த?" என்று கேட்டேன். "அவரு தேடினாரு, கொடுத்தேன். நீங்க தேடலைல்லா" என்றாள்.

28 பிப்ரவரி

பார்க்கவில்லை.

ஒன்றை எழுதிவிடுகிறேன். அந்தக் குரல் ஆவுடையுடையது. பதிவு செய்யும்போது பக்கத்தில் வந்து பேசினாள். எனக்கு இது எப்போதும் தெரியும். ஆனால் என்ன பேசினாள் என்று தெரியாது. டேப்பில் விளங்காது, எனக்கும் ஞாபகமில்லை, என் கவனம் படத்தில் இருந்தது. சாப்பிட வாரீங்களா என்று கேட்டிருப்பாள். வேறு என்ன கேட்டிருக்கப் போகிறாள்.

1991இல் ஒரு கடிதம் போட்டாள். "உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன் அண்ணே" என்று ஒரு வரி இருந்தது. நான் அதைச் சித்தப்பா, மாமா, ஒன்றுவிட்ட சொந்தம் எல்லாரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டி, "பாத்தீங்களா, எப்படி கூசாமப் பொய் சொல்லுதா" என்றேன். எல்லாரும் ஆமாம் என்றார்கள். அப்புறம் அவள் கடிதம் போடவில்லை.

1 மார்ச்

162/96. கேஸ் சிலிண்டர் வந்தது. சீல் சரியில்லை என்று திருப்பி அனுப்பினேன். வேறு சிலிண்டர் வர நாலு நாளாகுமாம். சொர்ணம் என்னோடு பேசவில்லை.

3 மார்ச், திங்கள்

காலை பதினொன்றரைக்கு நிலோபர் போன் செய்தாள். குழுவில் போடுவதற்கு முன்னால் எனக்குத்தான் முதலில் அனுப்புகிறாளாம், கேசட் என்னுடையது என்பதால். நல்ல பிள்ளை. "ஐயா, இது ஆவியும் இல்ல ஒண்ணும் இல்ல. யாரோ நிஜமாப் பேசுறாங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றாள்.

அனுப்பியதை மொபைலில் வைத்துவிட்டு முதலில் ரேஷன் கடைக்குப் போனேன். துவரம் பருப்பு இல்லை. திரும்பி வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அப்புறம் செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன்.

"அண்ணே, நாளைக்குக் காலையில நான் போறேன். உங்ககிட்ட சொல்லாமப் போக மனசு வரல. ஒரே ஒரு..."

"உஷ்!"

வளையல். கதவு.

அவ்வளவு தெளிவாக இருக்கிறது. பக்கத்தில் நின்று சொல்வதுபோல் இருக்கிறது. பதினான்கு தடவை கேட்டேன்.

186/108. சொர்ணம் பார்த்துவிட்டு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். அவளுக்கும் போட்டுக் காட்டினேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும். அடுக்களை வாசல்ல நின்னேன்."

"அப்ப ஏன்டி இத்தனை வருஷம் சொல்லல?"

"சொன்னேனே. அவ லெட்டர் வந்த அன்னைக்கு ராத்திரி, அவ சொன்னது நிஜந்தான், நான் என் காதால கேட்டேன்னு சொல்ல வந்தேன். டிவியில நியூஸ் ஓடிக்கிட்டு இருந்துச்சு. உஷ்னு சொன்னீங்க."

எனக்கு அதுவும் ஞாபகமில்லை.

4 மார்ச், செவ்வாய்

174/102.

நிலோபர் குழுவில் போட்டுவிட்டாள். போடலாமா என்று கேட்டாள், நான் என்ன காரணம் சொல்லி வேண்டாம் என்பது?

முப்பத்தைந்து வருஷ மர்மம் காலை ஒன்பது மணிக்கு உடைந்தது. ஒன்பதே காலுக்குப் புது மர்மம். பூரணிக்கு ஓர் அண்ணன் இருந்திருக்கிறான், அவனை இயக்குநர் வேண்டுமென்றே திரையில் காட்டவில்லை, அவன்தான் உண்மையான கொலைகாரன், கடைசியில் பிடிபடுகிற ஆள் நிரபராதி. லூர்துராஜ் ஆறு பத்தி எழுதினார். "ஒரு பெண் தன் மனசைத் திறக்கிற நேரத்தில் அவளை வாயடைக்கிறானே, அந்த 'உஷ்'ஷிலேயே கொலை முடிந்துவிட்டது" என்று ஒரு வரி. சங்கரன்கோவில் டீச்சர் ஒருவர், "அந்த அண்ணன் என்ன ஜென்மமோ, குரலைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது" என்று எழுதினார். அதற்கு முப்பது பேர் ஆமாம் போட்டார்கள்.

"டேப் அண்ணாச்சி, உங்கள் கருத்து?" என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

5 மார்ச்

172/100. சிலிண்டர் வந்தது. இதற்கும் சீல் சரியில்லை. வாங்கிக்கொண்டேன்.

6 மார்ச், வியாழன்

170/100.

இன்று ஒரு விஷயம் புத்தியில் பட்டது. பட்ட நேரத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு வீட்டில் சட்டம் ஒன்று வைத்திருந்தேன். சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டால் ஃபேன் ஓடக்கூடாது, குக்கர் விசிலடிக்கக்கூடாது, தும்மல் வந்தால் வாசலுக்குப் போகவேண்டும். ஒருதடவை அம்மா இருமிவிட்டதற்கு நான் ரெண்டு நாள் சாப்பிடவில்லை. அதனால்தான் ஆவுடை எட்டு மணியிலிருந்து காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இன்ஸ்பெக்டர் பேசி முடிக்கட்டும், இசை முடியட்டும் என்று நின்றிருக்கிறாள். வசனமே இல்லாத அந்த நாற்பது வினாடி வந்ததும்தான் வாயைத் திறந்திருக்கிறாள். என் ரெக்கார்டிங் கெட்டுவிடக் கூடாது என்று.

வாயில் பற்பசையோடு ரொம்ப நேரம் நின்றேன். சொர்ணம் கதவைத் தட்டினாள். அழுதேன் என்று எழுதினால் டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டுவார். கூட்டட்டும்.

7 மார்ச்

166/98. குழுவில் எழுதிவிட்டேன். நாலு வரி. "அது படத்தில் வந்த குரல் இல்லை. என் வீட்டில் பதிந்த குரல். பேசியது என் தங்கச்சி ஆவுடை. உஷ் என்றது நான். சங்கரநயினார், பாளையங்கோட்டை."

நாற்பத்திமூன்று பேரும் படித்தார்கள். பிறகு லூர்துராஜ் தனியாகப் போன் செய்தார். "அண்ணாச்சி, உடம்பு சரியில்லையா? நான் தொண்ணூறுலயே என் வீட்டுல கேட்ட குரலு அது. உங்க வீட்டுக் குரலு தூத்துக்குடிக்கு எப்படிவே வரும்?" என்றார்.

டீச்சர் மட்டும் குழுவில் ஒரு வரி எழுதியிருந்தார். "அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

8 மார்ச்

160/96. "அவ நம்பர் கிடைக்குமா?" என்று சொர்ணத்திடம் கேட்டேன். இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டே ஒப்பித்தாள், பத்து இலக்கமும். நாகர்கோவிலில் இருக்கிறாளாம். சுசீந்திரம் கோயிலுக்கு என்று சொர்ணம் வருஷாவருஷம் போனதெல்லாம் எங்கே என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நாலு வருஷத்துக்கு முன்பு டேவிட் ஞானையா இறந்தபோது மூன்று நாள் கோயிலிலேயே தங்கிவிட்டு வந்தாள். நான் அப்போது, அப்படி என்ன பக்தி என்று திட்டினேன்.

9 மார்ச், ஞாயிறு

காலை பத்து மணிக்குப் போன் செய்தேன்.

"யாரு?"

"நான்தான்."

அங்கே குக்கர் விசிலடித்தது. ரெண்டு விசில். நான் காத்திருந்தேன்.

"சங்கரண்ணனா?"

"ஆமா."

"மதினி நல்லா இருக்காங்களா? ஒண்ணும் இல்லையே?"

"அவளுக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கா. ஏட்டி, அன்னைக்கு நீ சொல்ல வந்ததைப் பாதியில நிறுத்திட்டேன். ஒரே ஒருன்னு ஆரம்பிச்சே. மிச்சத்தைச் சொல்லு."

அவள் எது என்று கேட்கவில்லை. என்றைக்கு என்றும் கேட்கவில்லை.

"ஒரே ஒருதடவை வந்து அவரைப் பாருங்கண்ணே, பாத்துட்டுப் பிடிக்கலைன்னா நான் போகல. அதான் சொல்ல வந்தேன்."

இனி எங்கே போய்ப் பார்க்க. தப்பு என்னுடையது என்றேன், நீ சொல்லிவிட்டுத்தான் போனாய், அதைச் சித்தப்பா பிள்ளைகளிடமும் சொல்கிறேன் என்றேன். அவள் மூக்கை உறிஞ்சினாள். நானும்.

கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணே, ஒண்ணு கேக்கணும்" என்றாள். "அந்தப் படத்துல கொலைகாரன் யாரு? நான் பாதியிலேயே போயிட்டேன். முப்பத்தஞ்சு வருஷமா யோசிக்கேன். அந்தச் சமையக்காரன்தான?"

"சமையக்காரன் இல்ல, அந்த..."

"சொல்லாதீங்க, சொல்லாதீங்க! நான் வந்து பாத்துக்கிடுதேன்."

பி.பி. பார்க்க மறந்துவிட்டேன்.

13 மார்ச், வியாழன்

146/88. ஃபேனைத் துடைத்தேன். சொர்ணம் ரசத்தில் உப்புப் போட்டிருந்தாள். கை தவறிவிட்டதாம்.

16 மார்ச், ஞாயிறு

ஹாலில் இருபத்தெட்டு பேர். ஆவுடை பஸ்ஸில் வந்து, ஆட்டோவில் இறங்கினாள். தலை முழுக்க நரை, அம்மா சாயல். என்னைப் பார்த்ததும், "என்னண்ணே இப்படி வத்திப் போயிட்டீங்க?" என்றாள். உப்பில்லை என்றேன். முன்வரிசையில் எனக்கும் சொர்ணத்துக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

குரலை எடுத்துவிட்டு ஒரு பிரதி, குரலோடு ஒரு பிரதி என்று நிலோபர் ரெண்டு தயார் செய்திருந்தாள். குரலோடு போடச் சொன்னேன். லூர்துராஜுக்கும் அதுதான் வேண்டும், வேறு காரணத்துக்காக.

நாற்பது வினாடி வந்தது. இருபத்துநாலு வயசு ஆவுடை பேசினாள். நான் உஷ் என்றேன். ஹாலில் ரெண்டு மூன்று பேர் உச்சுக்கொட்டினார்கள். ஐம்பத்தொன்பது வயசு ஆவுடை என் பக்கம் சாய்ந்து, "நாய விரட்டுத மாதிரில்லா விரட்டியிருக்கீங்க" என்றாள். ஆமாம் என்றேன். பிறகு அவள் அவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். டேவிட் ஞானையா சுந்தரராமபுரம் பள்ளியில் கணக்கு வாத்தியார், பசங்களை அடிக்கவே மாட்டார், அவருக்கும் இந்த இன்ஸ்பெக்டரைப் பிடிக்கும், கைக்குட்டையை நாலாக மடிப்பார், என்னைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். திரையில் இன்ஸ்பெக்டர் கொலைகாரனை நெருங்கிவிட்டார். அவள் நிறுத்தவில்லை. அவள் கேட்ட கேள்விக்குப் பதில் வருகிற இடம் அது. அதையும் கவனிக்காமல் பேசிக்கொண்டிருந்தாள்.

பின்வரிசையிலிருந்து லூர்துராஜ், "உஷ்!" என்றார்.

நான் எழுந்து திரும்பி நின்றேன். திரை எனக்குப் பின்னால் ஓடியது, என் தலை அதில் பாதியை மறைத்திருக்கும்.

"அவ பேசட்டும்வே" என்றேன்.

உட்கார்ந்து, "ம், சொல்லு" என்றேன். அவள் விட்ட இடத்திலிருந்து சொன்னாள். கொலைகாரன் யாரென்று அவள் இன்றைக்கும் பார்க்கவில்லை.